வெளுத்ததா, நிறமேறியதா: 1903 வெள்ளி டாலரை எப்படி மதிப்பிடுவது?

சிங்கப்பூரில் பழைய காசு விற்கும் கடைகளில் 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற டாலர் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய அந்தக் கால ஆங்கிலேயக் குடியேற்றத்தின் வெள்ளிக் காசு) பல வேடங்களில் கிடக்கும். ஒன்று வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும். ஒன்று சாம்பலில் மங்கிய பொன் கலந்தாற்போல் இருக்கும். இன்னொன்றின் ஓரத்தில் நீலமும் ஊதாவும் வளையமிட்டிருக்கும். நான்காவது கரிய நிறத்தில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். நான்கும் பம்பாயில் அச்சானவை, ஒவ்வொன்றும் 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. உருக்கினால் ஒவ்வொன்றிலும் 24 கிராமுக்குச் சற்று மேல் சுத்த வெள்ளி கிடைக்கும். ஆனால் கடைக்காரர் சொல்லும் விலை நான்குக்கும் நான்கு விதம்.

இவற்றில் எனக்கு முதலிடம் அந்தச் சாம்பல் பொன் காசுக்குத்தான். அதிக விலை கொடுக்கத் தயங்குவது வானவில் காசுக்கு. அதிகம் சந்தேகப்படுவது வெள்ளைக் காசை. வீட்டில் பலருக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும். "கறுத்துப்போனதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்காத உறவினர் உண்டா?

காசு நிறம் மாறுவதற்குக் காரணம் காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள். அவை வெள்ளியோடு சேர்ந்து மேற்பரப்பில் வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய படலமாகப் படிகின்றன. மழை விட்டதும் கார் நிறுத்துமிடத் தரையில் எண்ணெய்த் துளி விரிந்து வண்ணம் காட்டுகிறதே, அதே ஒளியியல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஒரு வரிசைப்படி மாறும்: முதலில் வெளிர் பொன், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம், அதற்குப் பிறகுதான் மறுபடி மஞ்சளும் பச்சையும், கடைசியில் கறுப்பு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் பாதி வேலை முடிந்தது.

முதலில் வெள்ளைக் காசு. ஆண்டு முழுக்க ஈரம் குறையாத ஊர் இது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இங்கே 120 ஆண்டுகளுக்கு மேல் இருந்த வெள்ளிக் காசு தானாக வெளுப்பாகவே நின்றிருக்கும் என்று நம்புவது கடினம். பெரும்பாலும் யாரோ அதைத் தயோயூரியாவும் அமிலமும் கலந்த கரைசலில் முக்கி எடுத்திருப்பார்கள். முக்கி எடுத்த காசெல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை, சில நொடிகள் மட்டும் முக்கி நன்றாகக் கழுவியிருந்தால் சந்தை அதைப் பொறுத்துக்கொள்கிறது. சிக்கல் திரும்பத் திரும்ப முக்குவதில் வருகிறது. அச்சடிக்கும்போது உலோகம் அழுத்தத்தில் வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. புதுக் காசின் பளபளப்பு அந்த வரிகளில்தான் இருக்கிறது. கரைசல் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. வெள்ளியிலும் ஒரு நுண்ணிய அடுக்கைச் சேர்த்தே எடுத்துச் செல்கிறது.

ஒற்றை விளக்கின் கீழே காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். மேற்பரப்பு உயிரோடு இருந்தால் ஒளிப்பட்டைகள் மையத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே வரும். அதிகமாக முக்கி எடுத்த காசில் வெளிச்சம் இருக்கும், ஓட்டம் இருக்காது. பின்புறத்தில் சீன எழுத்தையும் ஜாவி எழுத்தையும் (அரபு எழுத்தில் எழுதிய மலாய்) சுற்றிப் பின்னிய கோட்டுச் சித்திரத்தின் இடுக்குகளையும் பாருங்கள். மேடெல்லாம் வெளுத்து, இடுக்கில் மட்டும் பழுப்புக் கசடு தங்கியிருந்தால், கரைசலில் போட்டவர் சரியாகக் கழுவவில்லை என்று பொருள்.

தேய்த்துத் துலக்கிய காசு இதைவிட மோசம். நம் வீடுகளில் இது அதிகம். தீபாவளிக்கு முன் பூஜைச் சாமான்களைத் திருநீறு போட்டுத் துலக்கும்போது, பாட்டி வைத்துவிட்டுப் போன விக்டோரியா ரூபாயும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் கூடவே துலங்கிவிடும். குத்துவிளக்குக்குத் திருநீறு மிக நல்லது. காசில் அது மயிரிழைக் கீறல்களை ஆயிரக்கணக்கில் விட்டுச் செல்லும். அந்த ரூபாயின் 11.66 கிராமில் 91.7 விழுக்காடு வெள்ளி என்ற கணக்கு அதனால் மாறாது. சேகரிப்பாளர் கொடுக்கும் கூடுதல் விலைதான் போய்விடும். பாட்டியின் காசை விற்கும் எண்ணமே இல்லையென்றால், தாராளமாகத் துலக்குங்கள்.

வானவில் காசுக்கு வருவோம். அமெரிக்காவில் மோர்கன் டாலர்கள் என்ற பழைய வெள்ளிக் காசுகள் கருவூலத் துணிப்பைகளில் பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தன. பைத்துணியை ஒட்டி இருந்தவற்றில் அழகான நிறங்கள் ஏறின. அவற்றுக்கென்றே அங்கு ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது. நல்ல நிறத்துக்குச் சாதாரண விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள். அந்த விலைகளைக் கைப்பேசியில் காட்டி நீரிணை டாலருக்கும் அதே மடங்கு கேட்பவர்கள் உண்டு. நான் கொடுப்பதில்லை. மோர்கன் டாலர் கோடிக்கணக்கில் அச்சானது. அதை வாங்குபவர் கூட்டமும் பெரியது. நம் வட்டாரக் காசில் நிறத்துக்காக மட்டும் கூடுதலாகக் கொடுப்பவர்கள் சிலரே. வாங்கும்போது கொடுத்த அந்தக் கூடுதல், விற்கப் போகும்போது திரும்பி வருமா என்பதற்கு உறுதியில்லை.

போதாக்குறைக்குப் போலி நிறம். வெப்பத்தில் காட்டியும் கந்தகச் சேர்மங்களைப் பூசியும் ஒரே நாளில் வானவில் வரவழைத்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்க நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். முதலாவது நிற வரிசை. வெளிர் பொன்னை அடுத்து, நடுவில் ஊதாவோ நீலமோ இல்லாமல் திடீரென்று பச்சை வந்தால், காசைக் கீழே வைத்துவிடலாம். இரண்டாவது எழுத்துகளின் விளிம்பு. இயற்கையாக நிறமேறிய காசில் பெரும்பாலும் எழுத்தை ஒட்டி மெல்லிய வெளிர் ஓரம் ஒன்று நிற்கும். அவசரமாகப் பூசிய நிறம் மேடு பள்ளம் பாராமல் எழுத்தின் மேலும் அதே அடர்த்தியில் ஏறிப்போகும். மூன்றாவது, காசின் முகப்பில் இருக்கும் எட்வர்டு மன்னரின் கன்னமும் தாடியும். அங்கே கீறல்கள் இருந்து, கீறலுக்குள்ளும் அதே பளிச்சென்ற நிறம் இருந்தால், தேய்த்த தடத்தை மறைக்கத்தான் நிறம் வந்ததோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. இயற்கையாக ஏறிய நிறத்தை அசிட்டோன் கரைக்காது. சாயமோ மெருகுப் பூச்சோ கரைந்து வந்துவிடும். ஆனால் அந்தச் சோதனையைக் கடைக்காரர் முன்னால் அவருடைய காசில் செய்துபார்க்க முடியாது என்பதுதான் தொல்லை.

கரிய காசைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படலம் அவ்வளவு தடித்தபின் அடியில் உலோகமே அரிபட்டிருக்கும். முக்கி எடுத்தால் வெளுப்பு வராது, பள்ளங்கள்தான் வரும். வெள்ளி எடைக்குக் கிடைத்தால் வாங்கலாம்.

சாம்பல் பொன் காசுக்கு ஏன் முதலிடம்? படலம் இன்னும் மெல்லியதாக இருப்பதால் அடியில் ஒளி ஓடுகிறதா என்று பார்த்துவிட முடிகிறது. யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. யாரும் மெனக்கெட்டுப் போலி செய்யாத நிறமும் அதுதான். பகட்டு இல்லாததால் விலையும் எகிறுவதில்லை. விளக்கின் கீழே சாய்க்கும்போது சாம்பலுக்கு அடியிலிருந்து ஒளிப்பட்டை எழுந்து வந்தால், அதே தேய்மான நிலையில் இருக்கும் வெள்ளைக் காசைவிட அதற்குக் கூடக் கொடுக்க நான் தயார்.

1920ஆம் ஆண்டு டாலருக்கு இந்த அளவுகோலைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அதில் வெள்ளி 50 விழுக்காடுதான், எடையும் 16.85 கிராம். செம்பு அதிகம் இருப்பதால் திட்டுத்திட்டாகப் பழுப்பேறும். அதில் அழகான நிறத்தைத் தேடுவது வீண். தேய்மானத்தைப் பார்த்து விலை சொல்லுங்கள்.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களின் பெட்டியில் அடைத்த காசா, பெட்டி இல்லாத தனிக் காசா என்பது அடுத்த கேள்வி. வானவில் காசு என்றால் பெட்டி இல்லாமல் நான் தொடுவதில்லை. நிறம் சந்தேகத்துக்குரியது என்று பட்டால் அவர்கள் எண் தரம் தராமல் குறையை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள்; அந்த வடிகட்டலுக்குப் பணம் கொடுக்கலாம். சாதாரணச் சாம்பல் காசுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் வீண். விளக்கும் பொறுமையும் போதும்.

வாங்கிய பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைப்பதற்கும் கணக்கு உண்டு. மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கைக் காசில் விட்டுவிடும். மைலார் உறை, காற்றுப் புகாத டப்பா, மாதம் ஒருமுறை மாற்றும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் போதுமானது. உறைகளைக் கட்ட ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம். அதில் கந்தகம் இருக்கிறது.