பதுளையில் வாங்கிய பழைய சாய்க்கோவ்ஸ்கி சிடி

பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனி சிடி 400 ரூபாய்க்குக் கிடைத்தது. "சேர், மியூசிக் படிச்சுக் குடுக்கிற நீங்கதான் இத வாங்கணும்" என்று முதலாளி தலையில் கட்டிவிட்டார். தட்டில் நகத்தளவு கீறல், ஆனாலும் பாட்டு எங்கும் தாவவில்லை. ஒலிப்பதிவு அருமை.

கடைசிப் பகுதியை மட்டும் மழை நாளில் போடாதீர்கள். ஆரவாரமாக முடிகிற சங்கீதம் இல்லை இது; செல்லோ, டபுள் பேஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியங்கள் மெல்ல மெல்ல அடங்கி மறைந்துவிடும். எங்கள் தோட்டத்து லய வீட்டுத் தகரக் கூரையில் மழை அடிக்கும்போது அது எங்கே கேட்கும்? இரவு 11 மணிக்கு மழை விட்ட பிறகு மறுபடி போட்டேன்.

குறையெல்லாம் உள்ளே இருந்த சிறு புத்தகத்தில்தான். சாய்க்கோவ்ஸ்கி 1877இல் அந்தோனினா என்ற பெண்ணை மணந்தார், சில வாரங்களில் பிரிந்தார், மனப்பொருத்தம் இல்லை. அவ்வளவுதான்! அவர் ஆண்களை நேசித்தவர் என்று ஒரு வரி கிடையாது. தம்பி மோடெஸ்டும் அப்படித்தான்; அவருக்கு எழுதிய கடிதங்களில் அண்ணன் இதை மனம்விட்டுப் பேசியிருக்கிறார். சோவியத் பதிப்புகளில் அந்த வரிகளை வெட்டிவிட்டார்கள். (இப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையை இன்னும் கட்டிக்கொண்டு அழும் நாம் ரஷ்யர்களைக் குறை சொல்வதும் சரியில்லைதான்.) இந்தச் சிம்பொனியே அவர் உயிராய் நேசித்த தங்கை மகன் விளாதிமிர் டேவிடோவுக்குச் சமர்ப்பணம். 1893இல் முதல் கச்சேரியைத் தானே நடத்தி, 9 நாளில் இறந்துபோனார்.

400 ரூபாய்க்கு நட்டமில்லை. டேவிடோவின் பெயரைப் பென்சிலால் புத்தக ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம், பெட்டியின் மூடி உடைந்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.