நாலு மாடி உயர க்யூப், சுவரில் மடங்கும் கட்டில்

டிஸ்னி வேர்ல்ட் பார்க்க அமெரிக்காவின் ஆர்லாண்டோ போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ஹோட்டலுக்குக் காசு கொட்டாதீங்க, ராத்திரி தூங்கத்தானே போறோம்.” முதல் தடவை அதைக் கேட்டு, நெடுஞ்சாலை ஓரமாக மலிவான ஓர் அறை எடுத்தோம். சாயங்காலம் திரும்பினால் கார் நிறுத்தும் இடத்தைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. ஏழு மணிக்கே மகள் வீட்டுக்குப் போகலாம் என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

இந்தத் தடவை டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே, விலை குறைந்த வகையில், பாப் செஞ்சுரி என்ற ஹோட்டல். நான், கணவர், ஏழு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. நான்கு இரவுகள்.

2003-இல் திறந்த ஹோட்டல், 2,880 அறைகள். கட்டடம் என்று பார்த்தால் நாலு மாடிப் பெட்டிகள்தான். அறைக் கதவு வெளி வராந்தாவில் திறக்கும், நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி. ஆனால் 1950-களிலிருந்து 1990-கள் வரை ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு பகுதி ஒதுக்கி, அந்தந்தக் காலத்துச் சாமான்களைக் கட்டட உயரத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். பவுலிங் பின், யோ-யோ, ரூபிக் க்யூப். கிட்டப் போனால்தான் தெரிகிறது, க்யூப்புக்குள் இருப்பது வெறும் மாடிப்படி. மகள் லிஃப்ட் பக்கமே வரவில்லை.

அம்மாவுக்கு இங்கிலீஷ் பலகை வாசிக்க வராது. எந்த ஊர் ஹோட்டலிலும் நாங்கள் இல்லாமல் அறையை விட்டு வெளியே வர மாட்டார். இங்கே இரண்டாம் நாள் காலையில் தனியாக உணவுக்கூடத்துக்கு நடந்துபோய் டீயோடு திரும்பி வந்தார். “கலர் கலரா கட்டம் போட்ட பெட்டி இருக்கே, அதுக்குப் பக்கத்துல நம்ம ரூம். எதுக்குத் தொலையப் போறேன்?” என்றார். அழகுக்கு வைத்த பொம்மைகள் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அவைதான் வழிகாட்டி.

அறை 260 சதுர அடி. சின்னதுதான், ஆனால் நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். கட்டிலை உயர்த்திப் போட்டிருப்பதால் பெட்டிகள் எல்லாம் அடியில் போய்விட்டன. கம்பளம் கிடையாது, சாதம் சிந்தினால் துடைத்துவிடலாம். தயிர் வைக்கக் குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கிறது. பகலில் மேஜையாக இருப்பதை ராத்திரி மேலிருந்து இழுத்தால் இரண்டாவது கட்டில் இறங்கும், பின்னால் மிக்கி படம். “நாங்க பாயைச் சுருட்டி மூலையில வைப்போம், இவன் கட்டிலையே சுருட்டி வைக்கிறான்” என்று அம்மா சிரித்தார். இறக்குகிற வேலையை மகள் யாருக்கும் விடவில்லை.

நீச்சல் குளங்களில் சறுக்கு கிடையாது, அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். டிஸ்னியின் பொழுதுபோக்குப் பூங்காக்களில் மேஜிக் கிங்டமுக்கு பஸ்தான். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் ஸ்கைலைனர் என்ற கம்பிவடக் கூண்டு, கட்டணமில்லை. ஏசி இல்லாவிட்டாலும் ஓடும்போது காற்று வருகிறது. ஏரியைக் கடக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டார், மூன்றாம் நாள் அவரே முதலில் ஏறினார்.

ஓர் அறையில் நாலு பேருக்குத்தான் இடம். ஆள் கூட இருந்தால் ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற டிஸ்னி ஹோட்டலில் ஆறு பேர் தங்கும் குடும்ப அறைகள் இருக்கின்றன, விலை நன்றாகவே கூடும். அடுத்த வருடம் அக்கா வீட்டாரும் வருவதால் அதைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் சாப்பாட்டு மேஜை கட்டிலாகும் என்று சொன்ன பிறகுதான் மகள் சம்மதித்தாள்.