டர்பன் ஈரக்காற்றில் வெட்டா, ட்ரையா, டைரக்டா?

மாத்திரைக் கலவையைக் குருணையாக்க வேண்டுமா, ஆக்கினால் தண்ணீர் விட்டா விடாமலா என்பதை மருந்தின் குணம்தான் தீர்மானிக்கும் என்று பாடத்தில் படிக்கிறோம். தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனில், அங்கே கோடை மாதமான பிப்ரவரியின் காற்றும் அந்த முடிவில் தலையிடும்.

500 மில்லிகிராம் பாரசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெரும்பகுதி மருந்தே. அழுத்தம் விலகியதும் படிகம் மீண்டெழும், மாத்திரையின் மேல்மூடி கழன்றுவிடும். இதற்குத் தண்ணீர் விட்டுக் குருணையாக்கும் வெட் கிரானுலேஷன்தான் நம்பகமான வழி. ஆர்.எம்.ஜி. என்னும் வேகக் கலவை இயந்திரத்தில் 5 நிமிடம் உலர்வாகக் கலக்கி, 3 முதல் 5 சதவீதம் பி.வி.பி. கே-30 என்னும் ஒட்டுப்பொருளைத் தண்ணீரில் கரைத்து நிதானமாக விடுங்கள். இம்பெல்லரின் (கலக்கும் இறக்கையின்) ஆம்பியர் ஏறுவதைக் குறித்து வையுங்கள். கையில் எடுத்தால் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபடும், விரலால் தட்டினால் உதிரும். பதம் தாண்டினால் கட்டிகள் விழும். அவை வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். உலர்த்தி முடித்து எல்.ஓ.டி. (உலர்த்தினால் குறையும் எடை, அதாவது மீதி ஈரம்) சரி என்று கையெழுத்திட்ட பிறகு, மில்லில் அரைத்ததும் அதே எல்.ஓ.டி. ஏறி நிற்பது இதனால்தான்.

உண்மையான தலைவலி எஃப்.பி.டி. என்னும் சூடான காற்று உலர்த்தியில். 60 டிகிரி என்று செட் செய்தாலும், காற்றைச் சூடாக்குவதால் அதிலுள்ள நீர் குறைவதில்லை. கோடையில் டர்பன் காற்றில் கிலோவுக்குச் சுமார் 15 கிராம் நீர். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் 4, 5 கிராம்தான். ஒரே பேட்ச், ஒரே நேரம் என்று வைத்தால் இங்கே ஈரம் தங்கும், மாத்திரையை அழுத்தும் பஞ்ச் முனையில் ஒட்டும். அங்கே அதிகம் காய்ந்து மூடி கழலும். ஆகவே நேரத்தை வைத்து நிறுத்தாதீர்கள். ப்ராடக்ட் வெப்பநிலையையும் எல்.ஓ.டி.யையும் பார்த்து நிறுத்துங்கள். உள்ளே வரும் காற்றுக்கு டீஹ்யூமிடிஃபையர் இல்லாத தொழிற்சாலையில் வெட் கிரானுலேஷனை மலிவான முறை என்று கணக்குப் போடவே கூடாது. லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் ஈரக் கலவை பாத்திரத்திலேயே கிடந்தால், அனுமதித்த ஹோல்டு டைமை (காத்திருக்கக்கூடிய நேரத்தை) தாண்டுவதற்குள் ஜெனரேட்டர் வந்தாக வேண்டும்.

தண்ணீரும் சூடும் ஆகாத மருந்துக்கு ரோலர் காம்பாக்டர், அதாவது ட்ரை கிரானுலேஷன். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும். எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் டைசோப்ராக்ஸிலும் நீரில் சிதையக்கூடியது. இரண்டு உருளைகளுக்கு நடுவே 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் ரிப்பன் வரும், அதை 1 மில்லிமீட்டர் சல்லடையில் உடைக்கிறோம். உலர்த்தியே தேவையில்லை. ஆனால் துகள் தூசி கூடும். அதைக் குறைக்க உருளை அழுத்தத்தை ஏற்றுவதுதான் வழக்கமான தவறு: எம்.சி.சி. (நிரப்பும் செல்லுலோஸ் தூள்) ஒருமுறை நசுங்கியதும் பிணைப்பு வலுவைப் பெரிதும் இழக்கும், பிறகு பஞ்சில் எவ்வளவு அழுத்தினாலும் ஹார்ட்னெஸ் ஏறாது. எம்.சி.சி.யில் பாதியைக் குருணைக்கு வெளியே, கடைசிக் கலப்பில் சேர்த்தால் தப்பிக்கலாம்.

குருணையாக்காமல் நேரே அழுத்தும் டைரக்ட் கம்ப்ரெஷனில் சல்லடை, கலப்பு, பஞ்ச் அவ்வளவே. இங்கே பயம் பிரிதல். 200 மில்லிகிராம் மாத்திரையில் மருந்து 5 மில்லிகிராம் என்றால், நுண்ணிய மருந்தும் பருத்த எம்.சி.சி.யும் ஹாப்பர் (கலவையை ஊட்டும் புனல்) அதிர்வில் பிரிந்து, தொடக்கத்து மாத்திரைக்கும் கடைசி மாத்திரைக்கும் அஸே (மருந்தின் அளவு) வேறுபடும். மருந்தைச் சிறிதளவு ஃபில்லரில் (நிரப்புத் தூளில்) கலந்து படிப்படியாகப் பெருக்க வேண்டும். ஒட்டாமல் வழுக்க உதவும் மெக்னீசியம் ஸ்டியரேட்டைக் கடைசியில் போட்டு 3 நிமிடத்தில் நிறுத்துங்கள். கூடுதலாகச் சுற்றினால் மாத்திரை மென்மையாகும், கரைவதும் தாமதமாகும். மறுபுறம், மருந்தே கலவையில் பாதிக்கு மேல் என்றால் அதன் ஓட்டமும் அழுங்குதன்மையும் நல்லதாக இருந்தாலொழிய இம்முறையைத் தொடாதீர்கள்.

டர்பனில் புதிதாக ஒரு பொருளைத் தொடங்கினால் என் வரிசை இது: குறைந்த டோஸுக்கு டைரக்ட், ஈரம் ஆகாததற்கு ரோலர், இரண்டும் தோற்றால்தான் வெட். இதை ஃபார்முலா எழுதும்போதே முடிவு செய்யுங்கள். பதிவான பிறகு முறையை மாற்றுவதென்றால், டிசொல்யூஷன் (கரைதல்) ஒப்பீடும் ஸ்டெபிலிட்டித் தரவும் எடுத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவிடம் போக வேண்டியிருக்கும்.