லைகரா, டைகனா? அப்பா யார் என்று கேளுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனை மலேசியாவின் தேசிய மிருகக்காட்சிச் சாலையான ஜூ நெகாராவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். புலி ஒன்று கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. தலையைத் திருப்பியபோது காதின் பின்பக்கம் தெரிந்தது: கறுப்பு, நடுவில் வெள்ளைப் பொட்டு. "மாமா, சிங்கமும் புலியும் சேர்ந்தா பெரிய லைகர்தானே பிறக்கும்?" என்றான். அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அப்படி.

பாதிதான் சரி. அப்பா சிங்கம், அம்மா புலி என்றால் லைகர். அப்பா புலி, அம்மா சிங்கம் என்றால் டைகன். கலப்பது அதே இரண்டு இனம்தான், ஆனால் பிறப்பது வேறு வேறு உருவம். லைகர் பெற்றோர் இருவரையும் மிஞ்சி வளரும். அமெரிக்காவில் வாழ்ந்த ஹெர்குலிஸ் என்ற லைகரின் எடை 418 கிலோ. டைகனோ பெரும்பாலும் பெற்றோர் அளவைத் தாண்டுவதில்லை.

ஏன் இப்படி? அறிஞர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சிங்கங்கள் கூட்டமாக வாழ்பவை. ஒரு பெண் சிங்கம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரலாம். அதனால் வேறு அப்பாவின் குட்டிகளோடு போட்டி வரும்; அப்பா வழி மரபணு, 'என் குட்டி பெரிதாக வளரட்டும்' என்று உந்தும். அம்மா வழி மரபணு அதை இழுத்துப் பிடிக்கும். தனித்தே வாழும் புலியிடம் இந்த இழுபறி அவ்வளவு இல்லை. ஆக, லைகரில் உந்துதல் உண்டு, பிடி இல்லை. டைகனில் பிடி உண்டு, உந்துதல் இல்லை.

இதற்குப் பொருத்தமான சாட்சி கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிச் சாலையில் இருந்தது. ருத்ராணி என்ற பெண் டைகனுக்கும் ஓர் ஆசியச் சிங்கத்துக்கும் 1979-இல் பிறந்த குபனாகான், ஏறக்குறைய 360 கிலோ வரை வளர்ந்தது. அம்மா சின்னவள், பிள்ளை பூதாகாரம்! அப்பா சிங்கத்தின் உந்துதல் முழுதாக வந்தது, அம்மா வழியாகப் புலியின் பங்கும் கலந்ததால் பிடி தளர்ந்தது என்று பார்த்தால் கணக்கு சரியாகிறது.

அப்புறம், கலப்பு விலங்கு மலடு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது கோவேறு கழுதையை வைத்து வந்த பேச்சு. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63, ஜோடி சேராது. சிங்கத்துக்கும் புலிக்கும் ஒரே 38. இருந்தும் லைகரானாலும் டைகனானாலும் ஆண்கள் மலடு, பெண்கள் பல நேரம் குட்டி போடுகின்றன. எக்ஸ், ஒய் என இரண்டு வகைப் பாலினக் குரோமோசோம் உள்ள பக்கத்தையே, அதாவது இங்கே ஆணையே, கலப்பு முதலில் பாதிக்கும் என்று மரபியலாளர் ஹால்டேன் 1922-இல் எழுதி வைத்தார். ருஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் 2012-இல் ஒரு பெண் லைகர் சிங்கத்துக்குக் குட்டி பெற்றது, அவர் சொன்னதற்கு ஒத்துப்போகிறது.

இரண்டில் எது என்று கேட்டால், கூட்டம் சேர்ப்பது லைகர், விஷயத்தைப் புரியவைப்பது டைகன். டைகனை விட்டுவிட்டு லைகரை மட்டும் பார்ப்பவருக்கு, 'கலந்தால் பெரிதாகும்' என்ற தப்பான பாடம்தான் மிஞ்சும்.

ஆனால் வளர்க்கலாமா என்றால், இரண்டும் வேண்டாம் என்றே சொல்வேன். இந்தியா 1985-இலேயே இதை நிறுத்திவிட்டது. லைகர் குட்டிகள் பெரிதாக இருப்பதால் தாய்ப்புலிக்குப் பிரசவமே ஆபத்தாகலாம். நம் மலேசியக் காடுகளில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு. ஒரு பெண் புலி கருவைச் சுமப்பது கிட்டத்தட்ட நூறு நாள். அந்த நூறு நாளை லைகருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் மறுபடி தண்ணீர்ப் பக்கம் போய் நின்றான். "இது அம்மாவா மாமா?" என்றான்.