முதல் டைனமிக் வெப்சைட்டுக்கு எது: பிஎச்பியா, ஃபிளாஸ்க்கா, ஜாங்கோவா, நோடா?

பயனருக்கு ஏற்றபடி பக்கத்தை உருவாக்கித் தரும் டைனமிக் வெப்சைட்டின் சர்வர் பகுதியை எழுத இங்கே நான்கு வழிகள்: பிஎச்பி மொழி, பைத்தானுக்கான ஃபிளாஸ்க், ஜாங்கோ ஃபிரேம்வொர்க்குகள், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட். ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50-ல் ஃபைனான்ஸ் என்றொரு அசைன்மென்ட் உண்டு. பயனர் பதிவு செய்து லாகின் ஆனதும் கணக்கில் 10,000 டாலர் கற்பனைப் பணம் இருக்கும். அதை வைத்துப் பங்குகளை வாங்கலாம், விற்கலாம், முன்பு வாங்கி விற்ற பட்டியலைப் பார்க்கலாம். முன்பு இதை மாணவர்கள் பிஎச்பியில் எழுதினார்கள். 2016-ல் அந்தப் பாடம் பைத்தானுக்கு மாறியபோது இதே அசைன்மென்ட் ஃபிளாஸ்க்குக்குப் போனது. தொடக்கநிலை மாணவருக்கு எது ஏற்றது என்று உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எனக்குத் தெரியவில்லை.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட பிஎச்பியில் ஒரு கோப்பை எழுதி, சர்வரில் சேமித்து, பிரவுசரில் திறந்தால் பக்கம் வந்துவிடும். இந்த எளிமையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் புதிதாகத் தொடங்கி, பதில் போனதும் முடிந்துவிடும். மாறிகள் எல்லாம் அழிந்துபோகும். 'அப்படியென்றால் லாகின் ஆனது யார் என்று சர்வருக்கு எப்படி நினைவிருக்கும்?' என்ற கேள்வி மாணவருக்குத் தானாகவே வரும். பிரவுசரில் வைக்கும் சிறு அடையாளமான குக்கியும், ரிக்வெஸ்ட்டுகளுக்கு இடையே பயனரை நினைவில் வைக்கும் செஷனும் எதற்கு என்பது அப்போதே புரிந்துவிடும்.

ஃபிளாஸ்க்கிலும் நோடிலும் சர்வர் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பயனரின் பெயரை ஒரு குளோபல் மாறியில் போட்டாலும் தன் லேப்டாப்பில் சரியாக வேலை செய்யும். நண்பர் இன்னொரு பிரவுசரிலிருந்து லாகின் ஆகும்போதுதான் வினை. அதன்பிறகு முதல் ஆள் வாங்கும் பங்குக்கும் நண்பரின் கணக்கிலிருந்து பணம் போகும்.

சரி, பிஎச்பியின் குறை? எச்டிஎம்எல், டேட்டாபேஸுடன் பேசும் எஸ்க்யூஎல், கணக்கீடு எல்லாம் ஒரே கோப்பில் குழம்பிக் கிடக்க அது இடம் கொடுக்கிறது. பயனர் தட்டியதை அப்படியே திரையில் காட்டினால் அதில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்டும் ஓடும். தடுக்கும் பொறுப்பு மாணவருடையது. அப்புறம் பழைய டுடோரியல்கள். 2015-ல் வந்த பிஎச்பி 7-லேயே டேட்டாபேஸிடம் கேட்கும் பழைய மைஎஸ்க்யூஎல்_க்வெரி ஃபங்ஷன் நீக்கப்பட்டுவிட்டது. இருந்தும் அதைச் சொல்லிக்கொடுக்கும் பக்கங்கள் இன்னும் தேடலில் கிடைக்கின்றன.

ஃபிளாஸ்க்கில் எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் என்பது அடுத்தடுத்த வரிகளில் தெரியும். எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டில் பயனர் தந்த தகவலை, ஃபிளாஸ்க்கோடு வரும் டெம்ப்ளேட் கருவியான ஜின்ஜா தானே பாதுகாப்பாக மாற்றிக் காட்டும். டேட்டாபேஸ் விஷயத்தில் ஃபிளாஸ்க் தலையிடாது, எஸ்க்யூஎல்லை நாமே எழுத வேண்டும். தொடக்கத்தில் அதுதான் நல்லது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிப்பவர்களுக்கு முதல் பருவத்திலேயே பைத்தான் வந்துவிடுவதால் புது மொழி படிக்கும் சுமையும் இல்லை. ஆனால் செய்த தளத்தை ஹோஸ்டிங்கில் ஏற்றுவது பிஎச்பி அளவுக்குச் சுலபமல்ல.

ஜாங்கோ அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்து நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து 2005-ல் வெளியானது. செய்தி அறையின் அவசரத்துக்காக உருவானதால் லாகின், அட்மின் பக்கம், படிவச் சரிபார்ப்பு எல்லாம் தயாராக வரும். வேலைக்குப் போனபின் அது வரம்தான். ஃபைனான்ஸில் மாணவர் கற்க வேண்டியதே லாகினும் எஸ்க்யூஎல்லும்தானே? அவை இரண்டையும் இது கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. இரண்டாவது பாடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

நோட், அதற்கான வெப் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸ் என்ற ஜோடியின் கவர்ச்சி, பிரவுசருக்கும் சர்வருக்கும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் போதும் என்பது. சிக்கல், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போகும் அசிங்க் முறையில் இருக்கிறது. இருப்பை டேட்டாபேஸில் கேட்கும் வரியில், காத்திருக்கச் சொல்லும் 'அவெய்ட்' விட்டுப்போனால் எண்ணுக்குப் பதில், 'பிறகு தருகிறேன்' என்று மட்டும் சொல்லும் ஒரு பிராமிஸ் வந்து நிற்கும். 'விலை இருப்பைவிட அதிகமா?' என்ற ஒப்பீடு அப்போது எப்போதும் பொய் என்றே வரும். எர்ரர் எதுவும் காட்டாமல், காசே இல்லாதவரும் பங்கு வாங்கிவிடுவார். முதல் பருவத்தில் இந்தப் பிழையைத் தேடி மாணவர் அலைவது எனக்குச் சம்மதமில்லை.

ஆக, என் தேர்வு கையால் எழுதிய எஸ்க்யூஎல்லோடு ஃபிளாஸ்க். ஆசிரியராக இருந்தால், அதற்கு முன் ஒரு லேப் வகுப்பை மட்டும் பிஎச்பிக்கு ஒதுக்கி செஷனை அதில் காட்டிவிடுங்கள். சிலபஸே பிஎச்பி என்றாலும் கவலை வேண்டாம். பிஎச்பியின் டேட்டாபேஸ் இணைப்பான பிடிஓ வழியாக, பயனர் தரும் மதிப்புகளின் இடத்தில் கேள்விக்குறி வைத்த பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டில் மட்டும் க்வெரி எழுதுங்கள். திரைக்குப் போகும் எதையும் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஓடாதபடி மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள்.