பரோசாவா, கூனவாராவா? ஆஸ்திரேலியாவின் கனமான சிவப்பு ஒயின்கள்

ஆஸ்திரேலியாவின் கனமான சிவப்பு ஒயின்களை வரிசையாக ஊற்றி வைத்து ருசித்தால், முதல் சுற்றில் பெரும்பாலும் பரோசா பள்ளத்தாக்கில் ஷிராஸ் என்ற திராட்சையில் செய்த ஒயின்தான் ஜெயிக்கும். கிளாஸைச் சுழற்றினால் உள்சுவரில் ஊதா நிறம் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிகிறது. வாயில் வைத்த உடனே பழுத்த பழத்தின் இனிமை நாக்கு முழுக்கப் பரவுகிறது. பக்கத்தில் இருக்கும், கூனவாரா என்ற ஊரில் கேபர்னே திராட்சையில் செய்த ஒயின் அந்த நேரத்தில் ஒல்லியாகவும் துவர்ப்பாகவும் தெரியும். அதே இரண்டு கிளாஸையும் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பல சமயம் நிலைமை தலைகீழாகியிருக்கும். இந்த அலசலில் நான் மதிப்பெண் போடுவது அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், நாம் நம்பும் மெடல்களும் மதிப்பெண்களும் வேறு சூழ்நிலையில் பிறந்தவை. ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் நெடுங்காலம் 20 மதிப்பெண் முறை இருந்தது. தோற்றத்துக்கு 3, மணத்துக்கு 7, வாய்ருசிக்கு 10. 18.5 எடுத்தால் தங்கம். இப்போது பல போட்டிகள் 100 மதிப்பெண்ணுக்கு மாறி, 95-உம் அதற்கு மேலும் எடுத்தால் தங்கம் தருகின்றன. எந்த அளவுகோலாக இருந்தாலும், நடுவர்கள் ஒரே காலைப்பொழுதில் எத்தனையோ கிளாஸ்களை மோந்து, ருசித்து, துப்பிவிட்டு நகர்கிறார்கள். அந்த வேகத்தில் சத்தமாகப் பேசும் ஒயின்தான் காதில் விழும். மெல்போர்னில் 1962 முதல் தரப்படும் ஜிம்மி வாட்சன் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டிலேயே அதிகம் பேசப்படும் ஒயின் பரிசு அது. ரொம்ப காலம் அதை ஒரு வயதே ஆன சிவப்பு ஒயினுக்குத்தான் கொடுத்தார்கள். அதில் பலவும் இன்னும் பீப்பாயை விட்டே வெளியே வராதவை. ஒயின் தயாரிப்பாளர் வுல்ஃப் பிளாஸ் 1974, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து அதை வென்றபோது, பழமும் ஓக் மரமும் தூக்கலாக இருக்கும் பாணிக்கு நாடு முழுக்க மவுசு வந்துவிட்டது.

கனம் என்று நாம் சொல்வதிலேயே ஒரு குழப்பம் உண்டு. 14.5, 15 சதவீத ஆல்கஹால் வாயில் ஒரு கொழகொழப்பையும் இனிமையையும் தரும். சர்க்கரையே மிஞ்சாத ஒயின்கூட அதனால் இனிப்பதுபோல் இருக்கும். இது ஒரு வகைக் கனம். திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு இன்னொரு வகை. டிகாஷன் தூக்கலாகப் போன கருப்பு டீயைக் குடித்ததும் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்குமே, அதுபோல. முதல் வகைக் கனம் உடனே வசப்படுத்தி சீக்கிரம் சலிக்கும். இரண்டாவது முதலில் முறைத்துக்கொள்ளும், கறியின் கொழுப்பும் உப்பும் சேரும்போது இளகிவிடும். நல்ல ஒயினில் இரண்டையும் புளிப்பு தூக்கி நிறுத்த வேண்டும். வெயில் அதிகமான இடங்களில் பழத்தில் சர்க்கரை ஏற ஏற புளிப்பு இறங்கிவிடும் என்பதால், நொதிக்கும்போது டார்டாரிக் அமிலம் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் சாதாரணம், சட்டப்படியும் சரி. கை அளவாக இருந்தால் தெரியாது. கூடிப்போனால் விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் புளிப்பு மட்டும் தனியாக நிற்கும். விலை மலிவான பாட்டில்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

சரி, பரோசா. அடிலெய்டுக்கு வடகிழக்கே, கார் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1840-களில் பிரஷ்யாவின் சைலீசியாவிலிருந்து மத நெருக்கடிக்குத் தப்பி வந்த லூத்தரன் குடும்பங்கள் குடியேறிய பள்ளத்தாக்கு. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபிலாக்சரா பூச்சி விக்டோரியாவுக்கு 1877-லேயே வந்துவிட்டது. பரோசா இருக்கும் தென் ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அடிமரம் ஒருவர் இரு கையாலும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய அளவு தடித்து, முறுக்கி, நடுவில் பிளந்து கிடக்கும். மேலே சில கிளைகள்தான், சில குலைகள்தான். குறைந்த காய்ப்பில் வரும் அடர்த்திதான் பரோசாவின் உண்மையான சொத்து.

அந்தச் சொத்தையே 1980-களின் நடுவில் அரசு காசு கொடுத்துப் பிடுங்கவைத்தது. சிவப்புத் திராட்சைக்கு விலை இல்லாத காலம், உபரியைக் குறைக்க வேண்டும் என்று திட்டம். நூறு வயதுக் கொடிகளும் அதில் போயின. பீட்டர் லேமன் போன்ற ஒயின் தயாரிப்பாளர்கள் விவசாயிகளிடம் தொடர்ந்து திராட்சை வாங்கியிராவிட்டால் இன்னும் நிறையப் போயிருக்கும். நினைத்தாலே மனசு ஆறாத விஷயம் இது. பிற்பாடு 2009-இல் பரோசாவில் கொடிகளின் வயதுக்கு வகைகள் வகுத்தார்கள். 35-க்கு மேல் ஒன்று, 70-க்கு மேல் ஒன்று, 100-க்கு மேல் ஒன்று, 125-ஐத் தாண்டினால் 'மூதாதை'. லேபிளில் 'பழைய கொடி' என்று மட்டும் போட்டிருந்தால் மயங்க வேண்டாம், எந்த வகை என்று பாருங்கள்.

ருசியில் பரோசா ஷிராஸ் என்றால் கருப்புப் பழங்கள், சாக்லேட், அமெரிக்க ஓக் பீப்பாயிலிருந்து வெனிலாவும் தேங்காயும். கொடி இளசாகவும் ஓக் புதிதாகவும் இருந்தால் இது ஜாமாகிவிடும்; இரண்டாவது கிளாஸ் ஊற்றவே கை வராது. பழைய கொடியும் அளவான ஓக்கும் என்றால் கதையே வேறு. இனிமைக்குக் கீழே இரும்பு வாடையும் மண் வாடையும் எழும், துவர்ப்பு மெத்தென்று இருக்கும். பரோசாவில் நடுத்தர விலையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒன்று கொஞ்சம் கூடக் கொடுங்கள், இல்லையென்றால் பக்கத்து ஊருக்குப் போய்விடுங்கள்.

பக்கத்து ஊர் என்று நான் சொல்வது மெக்லாரன் வேல். அடிலெய்டுக்குத் தெற்கே 40 கிலோமீட்டருக்குள், ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல். பிற்பகலில் கடற்காற்று வந்து பழத்தைக் குளிர்வித்துவிடும். பரோசா ஷிராஸில் இல்லாத ஒரு உப்பும் டார்க் சாக்லேட் கசப்பும் இங்கே உண்டு. கனம் அதேதான், ஆனால் வாயில் ஓரிடத்தில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். டாரன்பெர்க் நிறுவனத்தின் 'டெட் ஆர்ம்' (பட்டுப்போன கை) ஷிராஸ் இதற்கு நல்ல உதாரணம். யூடைப்பா என்ற பூஞ்சை தாக்கினால் பழைய கொடியின் ஒரு கை மெல்லப் பட்டுப்போகும். உயிரோடு இருக்கும் மறு கை சில குலைகளே காய்க்கும், அவற்றில் சாறு அடர்ந்திருக்கும். நோயின் பெயரையே ஒயினுக்கு வைத்துவிட்டார்கள். இளசாக இருக்கும்போது துவர்ப்பு பற்களைப் பிடிக்கும். பத்து வருடம் வைக்க முடிந்தவர்கள் வைக்கலாம். ஷிராஸ் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் என் ஓட்டு பரோசாவைத் தாண்டி இங்கேதான்.

விக்டோரியா மாநிலத்து ஷிராஸையும் விடக்கூடாது. ஹீத்கோட்டில் சுமார் 50 கோடி ஆண்டுப் பழமையான கேம்பிரியன் காலத்துச் செம்மண். அங்கே நிறமும் கனமும் பரோசாவுக்கு ஈடுகொடுக்கும். இன்னும் குளிர்ந்த கிராம்பியன்ஸ் பக்கம் போனால் அப்பட்டமான மிளகு மணம் வரும். ஏதோ வர்ணனைக்குச் சொல்வதல்ல: ரோட்டண்டோன் என்ற அந்த மணப்பொருளை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்து 2008-இல் வெளியிட்டார்கள். நம் சமையலறை மிளகில் இருக்கும் அதே பொருள்தான். இன்னொன்று, சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் பிடிபடுவதே இல்லை. ஒரே மேஜையில் ஒருவர் "மிளகு தூக்குது" என்பார், இன்னொருவர் "எங்கே?" என்பார். இருவரும் சொல்வது உண்மை. மதிப்பெண்கள் ஏன் முரண்படுகின்றன என்று சண்டை போடும்முன் இதை நினைவில் வைக்கலாம்.

இனி கேபர்னே. கூனவாரா, தென் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில், எந்தப் பெருநகரத்திலிருந்தும் தொலைவில், தட்டையான நிலம். பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. விசேஷம் காலுக்குக் கீழே. டெரா ரோசா என்ற செம்மண் மெல்லிய போர்வையாக, அதன் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நல்ல நிலத்தடி நீர். சுமார் 15 கிலோமீட்டர் நீளமான ஒடுங்கிய பட்டை அது; சற்றுத் தள்ளினால் கருப்பு மண், ஒயினும் வேறாகிவிடும். யார் தோட்டம் உள்ளே, யார் தோட்டம் வெளியே என்று பல ஆண்டுகள் வழக்கே நடந்தது. ஜான் ரிடாக் 1890 வாக்கில் இங்கே திராட்சையைத் தொடங்கிவைத்தார். அவருக்குப் பின் ஊர் தூங்கிப்போய், 1951-இல் வின் குடும்பம் பழைய ஒயின்கூடத்தை வாங்கிய பிறகுதான் விழித்தது. வின்ஸ் 'பிளாக் லேபிள்' கேபர்னே 1954 முதல் வருகிறது. நாட்டின் உச்ச ஒயின்களில் ஒன்றான கிரேஞ்சின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது, பத்துப் பதினைந்து வருடம் தாங்குகிறது. பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் இந்த வரிசையிலேயே இதற்குத்தான் என் முதலிடம்.

கூனவாரா கேபர்னேயில் பிளாக்கரன்ட் பழமும் புதினாவும் தைலமரமும் சேர்ந்து வரும். அந்தத் தைல மணம் சில சமயம் தோட்டத்து ஓரத்து மரங்களிலிருந்தே வருகிறது. மரத்துக்குப் பக்கத்து வரிசைகளில் கூடுதல், தள்ளிப்போகக் குறைவு. சிலருக்கு இது மருந்து வாடை. எனக்கு அளவாக இருந்தால் பிடிக்கும். திறந்த உடனே குடிக்காதீர்கள். வாய் அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். முதல் மடக்கில் முறைத்த துவர்ப்பு, வாட்டிய ஆட்டுக்கறியோடு வரும்போது பட்டுப்போல் ஆகும்.

மார்கரெட் ரிவர் நாட்டின் மறுகோடி. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் தெற்கே, மூன்று பக்கமும் கடல். ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் 1960-களின் நடுவில் இங்குள்ள காலநிலையை பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் பகுதியான போர்டோவோடு ஒப்பிட்டு எழுதினார். அதைப் படித்து நம்பி இறங்கியவர்களில் பலர் டாக்டர்கள். இதயநோய் மருத்துவர் டாம் கல்லிட்டி 1967-இல் வாஸ் ஃபீலிக்ஸ் என்ற ஒயின் தோட்டத்தைத் தொடங்கினார். மாஸ் வுட், கல்லன் இரண்டும் டாக்டர் குடும்பங்களே. இவ்வளவு குறுகிய காலத்தில் இந்த உயரம் தொட்ட ஊர் அரிது. இந்த கேபர்னேயில் வாசனை இலைகளும் செம்பழமும் உண்டு, துவர்ப்பு மாவுபோல் நுண்மையானது. ஆனால் நாம் பேசுவது கனமான ஒயின்களைப் பற்றி. அந்தக் கணக்கில் இது கூனவாராவுக்கு ஒரு படி இலேசு, நேர்த்தியில் ஒரு படி மேல். பழக்கமில்லாதவர்களுக்குக் கேபர்னேயை அறிமுகப்படுத்த இதைத்தான் கொடுப்பேன்.

உச்சத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு கொள்கைகள். பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், பல ஊர்த் திராட்சைகளைச் சேர்த்துப் புது அமெரிக்க ஓக்கில் வளர்ப்பது. அந்த நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் போர்டோவைப் பார்த்துவிட்டு வந்து 1951-இல் சோதனையாகச் செய்தார். ருசித்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1957-இல் நிறுத்தச் சொன்னார்கள். அவர் மூன்று வருடம் ரகசியமாகச் செய்துகொண்டே இருந்தார், 1960-இல் மறுபடி அனுமதி வந்தது. இளசில் புரியாத ஒயின் வயதானதும் எப்படி மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ் நேரெதிர். பரோசாவை அடுத்த ஈடன் வேலியில் சிறிய தேவாலயத்துக்கு எதிரே ஒரே ஒரு தோட்டம், 1860 வாக்கில் நட்ட கொடிகள், 1958 முதல் தனி ஒயின். கிரேஞ்ச் கட்டிய ஒயின், இது விளைந்த ஒயின். மணத்துக்காக நான் இரண்டாவதன் பக்கம். இரண்டுமே நம்மில் பெரும்பாலானவர்களின் கைக்கு எட்டாத விலை. கிரேஞ்ச் இருந்த பீப்பாய்களில் வளரும் பென்ஃபோல்ட்ஸின் 'பின் (Bin) 389', கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது, 1960 முதல் வருகிறது. ஆசைக்கு அது போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மிளகாய் எரிச்சலும் ஆல்கஹால் எரிச்சலும் வாயில் ஒரே உணர்வியைத்தான் தூண்டுகின்றன. சிவக்க வறுத்த மட்டன் சுக்காவோடு 15 சதவீத பரோசா வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு, ஒயினில் நெருப்பு மட்டுமே மிஞ்சும். மிளகு போட்ட வறுவல் என்றால் விக்டோரியா ஷிராஸ் அழகாகச் சேரும். அப்புறம், வெயில் காலத்தில் 'அறை வெப்பநிலை' என்று 30 டிகிரியில் ஊற்ற வேண்டாம். 16 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும். பாட்டிலை இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தாலே ஆல்கஹால் வாடை அடங்கி, பழம் முன்னுக்கு வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் மூன்று பாட்டில் வாங்கினால் போதும். ஒரு கூனவாரா கேபர்னே, ஒரு மெக்லாரன் வேல் ஷிராஸ், பழைய கொடி பரோசா ஒன்று. ஏறக்குறைய ஒரே விலை, ஒரே வருடத்து விளைச்சல். காகிதம் சுற்றி, யாரையாவது ஊற்றச் சொல்லி, திறந்ததும் ஒரு தடவை, சாப்பாட்டின் நடுவில் ஒரு தடவை, மூடி வைத்து மறுநாள் மாலை ஒரு தடவை என்று மதிப்பெண் எழுதுங்கள். என் வரிசை மறுநாளில் பெரும்பாலும் கூனவாரா, மெக்லாரன் வேல், பரோசா என்றுதான் வரும். நூறு வயதைத் தாண்டிய கொடியின் பரோசாவாக இருந்தால் மட்டும் அது முதலிடத்துக்கு வந்துவிடும்.