சுகர் மிஷினா, கையில் ஒட்டும் சென்சாரா?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 19 வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சுகர் மிஷின் எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக இருக்கிறது. போன வருடம் டாக்டர் சொல்லி, கையில் ஒட்டும் சென்சாரும் வந்தது. அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எதை வாங்கலாம்?" விலையை மட்டும் சொல்லி இதற்குப் பதில் சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாருக்கு எது என்பது தானாகப் புரியும்.

இரண்டுக்கும் உயிர்நாடி ஒரு நொதி (என்சைம்). பெரிய வெங்காயம் உரிக்கும்போது தோலுக்கு அடியில் கறுப்புப் பொடி கையில் ஒட்டுமே, அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சை. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை அந்தப் பூஞ்சையை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். ரத்தத்தில் எத்தனையோ பொருள் கலந்திருந்தாலும் இது குளுக்கோஸைத் தேடிப் பிடித்து அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும். அந்த எலக்ட்ரான்களை ஒரு மின்முனையில் இறக்கிவிட்டால் மிக மெல்லிய மின்சாரம் ஓடும். சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். திரையில் நாம் பார்க்கும் எண் அதுதான்.

1962-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி இதற்கு வழிகாட்டினார். ஆக்ஸிஜனை அளக்கும் மின்முனையை அவர் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். அதன் மேல் இந்த நொதியைச் சவ்வுக்குள் வைத்துக் கட்டலாம் என்பது அவர் யோசனை. 1975-இல் அது லேப் மேஜையில் வைக்கும் கருவியாக விற்பனைக்கு வந்தது. 1987-இல் பேனா அளவுக்குச் சுருங்கி வீட்டுக்கே வந்துவிட்டது.

சரி, முதலில் மிஷின். ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது. ரத்தச் சொட்டை அருகே கொண்டுபோனால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே உலர்ந்து கிடக்கும் நொதி நனைந்து விழித்து, ஐந்து விநாடி போல வேலை பார்த்து முடித்துவிடும். ஒரே ஒரு முறைதான் வேலை என்பதால் அதைப் பத்திரப்படுத்துவது சுலபம். ஸ்ட்ரிப் டப்பா மூடியில் ஈரம் உறிஞ்சும் மருந்து வைத்திருப்பது இதற்காகத்தான். எங்கள் ஊர் கடற்கரையோரம். டப்பாவைத் திறந்தே போட்டுவிட்டால் காற்றின் ஈரத்திலேயே ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். அம்மா மூடியை "டப்" என்று சத்தம் வரும்வரை அழுத்திவிட்டுத்தான் விரலைக் குத்துவார்.

மிஷினின் துல்லியத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான நினைப்பு உண்டு. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் 2013 விதிப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது நூற்றில் 95 முறை உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். அதாவது 200 என்பது 170 ஆகவும் வரலாம், 230 ஆகவும் வரலாம். இரண்டாவது முறை குத்தி 12 கூடிவிட்டது என்று பதறத் தேவையில்லை. ஆனால் கை கழுவாமல் பார்ப்பது வேறு விஷயம். ஒரு மே மாத மதியம் அம்மாவுக்கு 286 வந்தது. பங்கனப்பள்ளி நறுக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 148. நொதிக்கு அது மாம்பழச் சர்க்கரையா, ரத்தச் சர்க்கரையா என்று தெரியாது. அந்த 286-ஐ நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொரு வகை ஸ்ட்ரிப்பில் இருந்தது. சில ஸ்ட்ரிப்களில் ஆக்ஸிடேஸுக்குப் பதில் பாக்டீரியாவிலிருந்து வந்த டிஹைட்ரோஜினேஸ் நொதியைப் பயன்படுத்தினார்கள். அதில் பிக்யூக்யூ என்ற வகைக்கு மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையும் குளுக்கோஸும் ஒன்றுதான். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் ஏற்றுவது உண்டு. அது உடம்புக்குள் போய் மால்டோஸ் ஆகும். மிஷின் சர்க்கரை அதிகம் என்று சொல்லும், உண்மையில் தாழ்ந்து கிடக்கும். 1997 முதல் 2009 வரை இப்படி 13 மரணங்கள் பதிவானதாகச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருந்தால் ஸ்ட்ரிப் எந்த நொதியில் வேலை செய்கிறது என்பதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இனி சென்சார். நாணய அளவு வட்டம், மேற்கையின் பின்புறம் ஒட்டுவது. அடியில் தலைமுடி போல ஒரு இழை, சுமார் 5 மில்லிமீட்டர், தோலுக்குள் இருக்கும். எங்கள் வீட்டுச் சென்சாருக்கு ஆயுள் 14 நாள். அம்மா ஊசி போல வலிக்குமோ என்று பயந்தார், ஒட்டி முடித்த பிறகு "அவ்வளவுதானா?" என்றார்.

இங்கே நொதியின் பாடு பெரும்பாடு. ஸ்ட்ரிப்பில் ஐந்து விநாடி உழைத்தது, இங்கே இரண்டு வாரம் உடம்புச் சூட்டில் ஓயாமல் உழைக்க வேண்டும். அதுவும் உடம்பு இழையை அந்நியனாகப் பார்க்கிறது. புரதம் படியும், எதிர்ப்பு அணுக்கள் வந்து சூழும். நொதி பறித்த எலக்ட்ரானைச் சுமக்க வேண்டிய ஆக்ஸிஜனும் தோலுக்கு அடியில் குறைவு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஹெல்லர் இதற்கு ஒரு அருமையான வழி கண்டார். ஆஸ்மியம் என்ற உலோகம் கலந்த ஒரு பாலிமரால் நொதியை மின்முனையோடு கம்பி போட்டது போலக் கட்டிவிட்டார்; எலக்ட்ரானைக் கடத்த ஆக்ஸிஜன் தேவையில்லாமல் போனது. 2014-இல் ஐரோப்பாவில் வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் இந்த வழியில் பிறந்ததுதான். தினமும் விரல் குத்திச் சரிபார்க்காமலே 14 நாள் ஓடியது. உயிர்ப்பொருளையும் உலோகத்தையும் இவ்வளவு நெருக்கமாகக் கோத்த வேறு எதையும் நான் கையில் தொட்டதில்லை.

சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தை. ரத்தத்தில் ஏறியது அங்கே தெரிய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். லோ சுகருக்கு இது முக்கியம். வியர்த்துக் கை நடுங்கி, அம்மா மூன்று ஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டுவிட்டார் என்றால், ரத்தத்தில் ஏறிய பிறகும் சென்சாரோடு இணைந்த போன் 'குறைகிறது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். பயத்தில் இன்னும் சாப்பிட்டால் அரை மணியில் 250. அந்த நேரத்தில் விரலைக் குத்திப் பார்ப்பதுதான் சரி. இன்னொன்று, ஒட்டிய கையின் மேலேயே படுத்தால் ரத்த ஓட்டம் அழுந்தி, இல்லாத லோ சுகர் தெரியும். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு 58 என்று அலாரம் அடித்து வீடே எழுந்துவிட்டது. குத்திப் பார்த்தால் 112. சில சென்சார்களில் தினம் 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும்.

இத்தனையும் இருந்தும் இன்சுலின் போடுகிறவர்களுக்கு என் ஓட்டு சென்சாருக்குத்தான். எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறிதான் காரணம். மிஷின் 110 என்றால் 110, அவ்வளவுதான். அதே 110-க்குப் பக்கத்தில் அம்பு கீழ்நோக்கி இருந்தால் படுக்கப் போவதற்கு முன் எதையாவது சாப்பிட வேண்டும். மேல்நோக்கி இருந்தால் வேண்டாம். தூக்கத்தில் சர்க்கரை தாழ்வதை விரல் குத்திக் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வருடம் முழுக்கச் சென்சார் தேவையில்லை. எங்கள் மருந்துக்கடையில் ஸ்ட்ரிப் ஒன்று சுமார் 20 ரூபாய். தினம் இரண்டு முறை பார்த்தாலும் 14 நாளுக்கு 560. சென்சார் ஒன்று அதைப்போலப் பல மடங்கு. ஆனால் ஒரே ஒரு சென்சார் வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்வேன். இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, பொங்கலுக்கு எவ்வளவு, சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் நடந்தால் கோடு எப்படி வளைகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஸ்ட்ரிப்போடு வாழ்வது சுலபம்.

குத்தாமலே சர்க்கரை பார்ப்பதாக விற்கும் வாட்சுகளையும் மோதிரங்களையும் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் தெளிவாகவே சொன்னது.

அம்மாவுக்கு இப்போது மாதத்தில் முதல் இரண்டு வாரம் சென்சார், மீதி நாள் மிஷின். சென்சார் இருக்கும் நாட்களிலும் ஸ்ட்ரிப் டப்பா தலைமாட்டில்தான். உடம்பு சொல்வதும் போன் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால், எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து விரலைக் குத்துவார்.